கடைசி விலை

"இவங்கெல்லாம் ஒரு தாயா மாமா?" என்று மெக்கானிக்கின் காதுக்குள் பொருமினான் மச்சினன்.

லிஃப்ட் மெக்கானிக்குக்கும் மனசு என்னவோ போலிருந்தது. ஆனால் கண் என்னவோ வண்டியை விட்டு நகர மறுத்தது.

அறுநூற்றைம்பது சிசி ஸ்போர்ட்ஸ் பைக். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவன் ஏங்கிக் கிடந்த வண்டி. புதுசு வாங்க வக்கில்லை. பழசு ஒன்று விலைக்கு வருகிறது என்று தெரிந்ததும், டயர் கடையில் வேலை பார்க்கும் மச்சினனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

வந்தபோது எல்லாம் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள பார்க்கிங். விற்கிறவர் ஐம்பதைத் தொட்ட ஒரு அம்மா. அவர் உறையை உருவியதும், மச்சினன் மண்டி போட்டு உட்கார்ந்து வண்டியைச் சுற்றிச் சுற்றித் தடவினான்.

"வலது பக்க ஃபைபர் மட்டும் புதுசா மின்னுதே. விழுந்திருக்கா ஆன்ட்டி?"

"ஆமா. பெரிய ஆக்சிடென்ட். முன் ஃபோர்க், ஹேண்டில் பார் எல்லாம் மாத்தியாச்சு. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

"ஓட்டினது?"

"என் பையன்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவன் இல்ல."

மெக்கானிக் சட்டென்று டேங்க் மேலிருந்து கையை எடுத்துவிட்டான். ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அந்த அம்மா சாவியை நீட்டினார்.

"ஓட்டிப் பாருங்க."

தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான். அப்புறம் அந்த நினைப்பு வந்து பல்லை மூடிக்கொண்டான்.

மச்சினன் பேரத்தை ஆரம்பித்தான்.

"பாத்துக் குறைச்சுக் குடுங்க ஆன்ட்டி."

"சொன்னதுதான் கடைசி விலை."

"தப்பா எடுத்துக்காதீங்க. இப்படி ஒண்ணு நடந்த வண்டின்னு தெரிஞ்சா எவனும் கிட்ட வரமாட்டான். நாங்களா இருக்கப் போய் நிக்கிறோம்."

"வர்றவங்க வர்ற வரைக்கும் வண்டி நிக்கட்டும் தம்பி. அதுக்குச் சோறா போடப் போறேன்?"

மெக்கானிக் பக்கத்து அலமாரியில் இருந்த ஹெல்மெட்டை மெதுவாகக் கையில் எடுத்தான்.

"இது வண்டியோட சேர்த்துத்தானேம்மா?"

"இல்ல. அதுக்குத் தனியாத் தரணும்."

"அந்த செயினுக்கு அடிக்கிற ஸ்ப்ரே டப்பா?"

"பாதிதான் இருக்கு. பாதி விலை குடுங்க."

மெக்கானிக்குக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. போன பிள்ளையின் தலையில் இருந்த ஹெல்மெட்! அதைக்கூட ஒரு தாய் விலை பேசுவாளா?

அப்போதுதான் மச்சினன் அப்படிப் பொருமினான்.

ஆனாலும் வண்டியை விட மனசில்லை. கேட்டதைக் கேட்டபடி செல்போனிலேயே அனுப்பினான். பணம் வந்து சேர்ந்ததா என்று அந்த அம்மா திரும்பத் திரும்பப் பார்த்தார். சேர்ந்தது என்று தெரிந்ததும் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு டாக்சி சரிவில் இறங்கி வந்து நின்றது. முன் கதவைத் திறந்துகொண்டு ஒரு இளைஞன் குதித்தான்.

"அம்மா, வண்டி போயிடுச்சா?"

மெக்கானிக் அந்த அம்மாவிடம் திரும்பினான்.

"இது... யாரும்மா?"

"என் பையன்தான்."

"இல்லன்னு சொன்னீங்களே!"

"ஆமா, அப்ப இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான்." சொல்லிவிட்டு இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தவர் திடுக்கிட்டு எழுந்தார். "ஐயையோ! நீங்க என்னன்னு நினைச்சீங்க?"

மச்சினனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"நல்லா இருக்கே! குத்துக்கல்லாட்டம் பிள்ளை நிக்கிறான். நாங்க பாவம்னு வாயைப் பொத்திக்கிட்டு நின்னோம். நீங்க பாதி டப்பாவுக்குக்கூடக் காசு கறந்துட்டீங்க!"

அந்த இளைஞன் டாக்சியின் பின் கதவைத் திறந்து குனிந்தான். உள்ளேயிருந்து நரைத்த தாடிக்காரர் ஒருவர் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவன் அவரைப் பூப்போல் தூக்கி வெளியே எடுத்தான்.

அவருடைய கால்சட்டையின் ஒரு பக்கம் முழங்காலுக்குக் கீழே மடித்து ஊக்கு குத்தப்பட்டிருந்தது.

"அளவெடுத்துட்டாங்க தங்கச்சி" என்றார் சிரித்தபடி. அடுத்த நொடி அவர் பார்வை பைக்கின் மேல் விழுந்தது. சிரிப்பு செத்தது. முகத்தை அந்த இளைஞனின் தோளில் புதைத்துக்கொண்டார்.

லிஃப்ட் கதவு மூடி அவர்கள் மேலே போனார்கள்.

"அவரு பெயின்டர் தம்பி" என்றார் அந்த அம்மா. "ரோட்டைத் தாண்டிக்கிட்டு இருந்தாரு. என் பையன் கண்மண் தெரியாம வந்துட்டான். இவனுக்கு ஒரு சிராய்ப்பு இல்ல. அவரோட காலை எடுக்க வேண்டியதாப் போச்சு. அவருக்கு முன்ன பின்ன யாரும் கிடையாது. அதான் எங்களோடயே வச்சுக்கிட்டோம். செயற்கைக் கால் வச்சா மறுபடி ஏணி ஏறலாம்னு டாக்டர் சொல்றாரு."

மச்சினன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

மெக்கானிக் அந்த அம்மாவின் பக்கத்தில் வந்தான். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. நாங்க பேரமே பேசியிருக்க மாட்டோமே. ஏதோ கல்நெஞ்சுக்காரின்னு..."

"நினைச்சா நினைச்சுட்டுப் போங்க" என்றார் அந்த அம்மா. "என் காசா இருந்தா நானே குறைச்சிருப்பேன் தம்பி. அது அவரோட கால்."