உள்ளே விளக்கு எரிகிறது

“இன்னுமா உள்ள இருக்கா?” என்று கேட்டார் கோனி.

மார்லிஸ் பாத்ரூமைக் காட்டினாள். கதவு மூடியிருந்தது. அடியில் ஒரு கோடாக வெளிச்சம் தெரிந்தது. உள்ளே எக்ஸாஸ்ட் ஃபேன் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

“நான் எந்திரிச்சதுலேர்ந்து இப்படித்தான். தினமும் இதே கதை, கோனி.”

பள்ளி மாணவர் பரிமாற்றத்தில் ஜெர்மனியிலிருந்து மின்னசோட்டாவுக்கு வந்தவள் ஸ்வென்யா. பதினாறு வயது. ஆண்டு முழுக்க மார்லிஸ் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மார்லிஸுக்கு அவள் பெற்ற பெண் மாதிரி ஆகிவிட்டாள். இப்போது பரிமாற்றத்துக்குப் பொறுப்பாளரான கோனியே சனிக்கிழமை காலையில் நேரில் வந்து நிற்கிறார்.

“குளிக்கவா இவ்ளோ நேரம்?”

“குளிச்சாத்தானே!” என்றான் மார்லிஸின் கணவன் லைல். “ஷவரைத் திறந்தா சுவத்துக்குள்ள பைப் தடதடங்கும். கீழ கேஸ் ஹீட்டர்ல நெருப்பு குப்புன்னு பத்தும். ரெண்டு சத்தமும் இல்ல. அப்போ தண்ணி நின்னு ரொம்ப நேரமாச்சு. ஆனா விளக்குக்கும் ஃபேனுக்கும் ஒரே சுவிட்ச். அது இன்னும் அணையல. ஆக, ஆளு உள்ளதான்.”

அவன் காதோரம் சோப்பு நுரை ஒட்டியிருந்தது. “இந்த வாரம் பூரா நான் கிச்சன் சிங்க்லதான் ஷேவ் பண்றேன்.”

“தெரியுது. என் காபியில முடி மிதக்குது,” என்றாள் மார்லிஸ்.

“கதவைத் தட்டிப் பாத்தா என்ன?” என்றார் கோனி, தயங்கியபடி.

“ஐயோ, வயசுப் பொண்ணு உள்ள இருக்கறப்போ தட்டினா நல்லாவா இருக்கும்?”

“அதுவும் சரிதான்.”

மார்லிஸின் குரல் இறங்கியது. “அழறாளோன்னு பயமா இருக்கு. ஃபேன் சத்தத்துல வெளிய கேக்காது பாருங்க. நாங்க வேலைக்குக் கிளம்பற வரைக்கும் வர்றதே இல்ல. சாயங்காலம் கேட்டா, நல்லாத்தான் இருக்கேன்னு சிரிக்கறா.”

“மார்லிஸ், பொண்ணுக்கு இங்க மனசு ஒட்டலன்னா வேற வீடு பாக்கறதுதான் எங்க வழக்கம். இன்னொரு குடும்பத்துக்கிட்ட பேசிட்டேன். இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்.” கோனி பையிலிருந்து கார் சாவியை எடுத்தார்.

மார்லிஸ் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

“ஸ்வென்யா, கண்ணு… நான் செய்யற உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் பிடிக்கலன்னா வாயைத் திறந்து சொல்லு. இனிமே செய்யல. லைல் குறட்டைல தூக்கம் வரலன்னா சொல்லு, அவனை கார் ஷெட்டுக்கு அனுப்பிடறேன்.”

“நான் எங்க குறட்டை விடறேன்?”

“நீ சும்மா இரு! ஸ்வென்யா, இந்த வீட்டை விட்டு மட்டும் போயிடாதேம்மா.”

ஃபேன் மட்டும் ஓடியது. மார்லிஸ் ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர்கள் முதுகுக்குப் பின்னால் படுக்கையறைக் கதவு ஒன்று திறந்தது.

“மார்லிஸ், யார்கிட்ட பேசறீங்க?”

மூவரும் திரும்பினார்கள். தன் அறை வாசலில், கழுத்தில் ஹெட்ஃபோனும் கையில் கடித்த ஆப்பிளுமாக ஸ்வென்யா நின்றுகொண்டிருந்தாள். தலைமுடி நன்றாகக் காய்ந்திருந்தது.

“நான் எதுக்குப் போகணும்? எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு. உள்ள யாரு?”

“நீதான்!” என்றான் லைல்.

“நானா? நான் விடியறப்பவே குளிச்சுட்டேனே! பூஞ்சை பிடிக்கும், ஃபேனை ஓட விட்டுட்டு வான்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன். கதவை எதுக்கு மூடின?” என்றான் லைல். “இங்க மூடியிருந்தா ஆளு உள்ளன்னு அர்த்தம்.”

“பாத்ரூம் கதவை யாராவது திறந்து போடுவாங்களா? ஜெர்மனியில எங்க வீட்டுல ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் மூடித்தான் இருக்கும். உள்ள போகணும்னா தட்டிப் பாப்போம்.” அவள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்க யாருமே தட்டலையா?”

லைல் கைப்பிடியைத் திருகினான். கதவு உடனே திறந்துகொண்டது. உள்ளே யாரும் இல்லை. மார்லிஸ் சிரிப்பும் அழுகையுமாக ஓடிப்போய் ஸ்வென்யாவைக் கட்டிக்கொண்டாள். கோனி கார் சாவியை மறுபடியும் பைக்குள் போட்டார்.

“ஃபேன் பாட்டுக்கு ஓடட்டும்,” என்றான் லைல். “வெளிய வந்ததும் கதவை மட்டும் திறந்து வெச்சுடு.”