என் கை பட்டால் போதும்

“பொழைச்சு வந்தவளைப் பாருங்க!” என்று அவளைத் தோளைப் பிடித்து ஜெபக்கூட்ட மேடை நடுவில் நிறுத்தினார் ஊழியக்காரர். சந்தையில் மாட்டைக் காட்டுவதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார்.

கூட்டம் அல்லேலூயா என்று அலறியது. ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தானே, இவர் ஆள்விட்டுக் கூப்பிட்டதும் அவள் வந்தாள்.

“டாக்டருங்க கைவிட்ட கேஸ்! வார்டுக்குள்ள போனேன், கண்ணை மூடினேன், தலையில கை வெச்சேன். ‘ஆண்டவரே, கேக்கறது நான். நீர் மறுக்கக் கூடாது’ன்னு கண்டிப்பா சொல்லிட்டேன். முடிச்சதும் திரும்பிக்கூடப் பாக்காம வந்துட்டேன். அவ்வளவு நிச்சயம்!”

கடவுளை வீட்டு வேலைக்காரனைப்போல் அதட்டிய பெருமையில், வாயோரத்து எச்சிலைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். ஆண்டவர் சித்தம் என்ற பேச்சே அந்த வாயில் வரவில்லை. நான், நான், நான்! கேட்கவே அருவருப்பாக இருந்தது.

முன்வரிசையில் ஒரு தச்சர், காய்ச்சலில் துவண்ட மனைவியைத் தோளில் சாய்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஆஸ்பத்திரி மருந்துப் பை. ஊழியக்காரரின் கண் அதில் விழுந்தது.

“அது எதுக்கு? என் கை பட்டா மருந்து வேணாம். தூக்கிப் போடுங்க!”

“வேளை தவறாம குடுக்கணும்னு டாக்டர் சொன்னாருங்கய்யா. தவறினா உசுருக்கே ஆபத்தாம்...”

“டாக்டர் பெரியவரா, நான் பெரியவனா? இவளையே கேளுங்க.” மைக்கை அவள் வாயருகே நீட்டினார். “சொல்லும்மா, அன்னைக்கு நான் வந்தேனா இல்லையா?”

“வந்தீங்க. நான் முழிச்சிட்டுத்தான் இருந்தேன். தலையில நீங்க கை வெச்சதை என் கண்ணால பார்த்தேன்.”

“கேட்டீங்களா! கண்ணால பார்த்த சாட்சி!” கைதட்டல் காதைப் பிளந்தது. தச்சர் தலையைக் குனிந்துகொண்டு மருந்துப் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

அவள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். குனிந்து பையை எடுத்துத் தச்சர் கையில் திணித்தாள்.

“மாத்திரையைக் குடுங்கண்ணே. நான் பொழைச்சது ஆண்டவர் சித்தம். இவர் கை வெச்சது பக்கத்துக் கட்டில்ல கிடந்த எங்க அக்கா தலையில.”

ஊழியக்காரர் மைக்குக்காகக் கையை நீட்டியபடி ஓடி வந்தார். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

“அவ அன்னைக்கே செத்துட்டா.”