புள்ளி காட்டிய வீடு

"சார், என் போனு உங்க வூட்லதான் கீது. மரியாதையா... இல்ல சார், தயவுபண்ணிக் குடுத்துடுங்க."

கொட்டும் மழையில், ஒரு பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் நின்றான் ஆட்டோக்காரன் நாகராஜ். அவன் நீட்டிய இன்னொரு போனில், கோட்டூர்புரத்தில் குருபிரசாத்தின் தரைத்தள வீட்டின்மேல் ஒரு நீலப் புள்ளி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"உள்ளே வாங்கோ. இந்த மாசம் நீங்க மூணாவது ஆள்" என்றான் குருபிரசாத்.

"அந்த வரியை எடுத்துத் தொலைன்னு தலைதலையா அடிச்சுண்டேன்!" சமையலறையிலிருந்து அவன் மனைவி நீரஜாவின் குரல். "ஊர்ல தொலையற போனுக்கெல்லாம் நம்மாத்து விலாசம்!"

கம்பெனி கைகழுவிய பழைய போன்களில் ஜி.பி.எஸ். வேலை செய்வதற்கான 'டிரைவர்' மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போடுவது குருபிரசாத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம்.

"உங்க போன்லயும் யாரோ அதைத்தான் போட்டிருக்கா. சாட்டிலைட் கிடைக்கலைன்னா போன் திருதிருன்னு முழிக்கும். சோதனைக்காக, அப்போ எங்காத்தைக் காட்டுன்னு ஒரு வரி எழுதினேன். எடுக்க மறந்துட்டேன்."

மறக்கவில்லை. வழி தெரியாத போன்களெல்லாம் தன் வாசலைக் காட்டுவதில் அவனுக்கு ஒரு செலவில்லாத பெருமை.

நாகராஜ் நம்பவில்லை. "ரிங் போவுது, எடுக்க மாட்டேங்குது சார். ஒரு தபா உள்ள பாத்துக்கட்டுமா? நாங்க முன்ன இங்கதான் ஆத்தோரமா இருந்தோம். குடிசைய இடிச்சிட்டு இப்போ பெரும்பாக்கத்துல போட்டுட்டாங்கோ. அதான், இங்க வந்திருக்கும்னு..."

"போனுக்குக்கூடப் பழைய பேட்டை ஞாபகமா?" சிரித்துக்கொண்டே மேசை இழுப்பறைகளைத் திறந்து காட்டினான் குருபிரசாத்.

நாகராஜ் இழுப்பறைகளைப் பார்க்கவே இல்லை. கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனான். வெளியே மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"அப்போ எங்கதான் சார் கீது?"

"தெரியாதே. ஒண்ணு மட்டும் நிச்சயம். வானம் தெரியாத இடம். ஏதோ கூரைக்கு அடியில."

"கூரைக்கு அடியிலயா? மழையில இல்லியே?" நாகராஜின் முகம் சட்டென்று இளகியது.

"நனைஞ்சா என்ன? ஓட்டை போன். உள்ளே நாலு கிடக்கு, ஒண்ணு எடுத்துண்டு போங்கோ."

நாகராஜ் பையைப் பிரித்தான். போன் வாங்கிய ரசீதைக் காட்டப்போகிறான் என்று நினைத்தான் குருபிரசாத். உள்ளே, மடித்து வைத்த ஒரு உலர்ந்த வேட்டியும் சட்டையும், ஒரு மாத்திரை அட்டையும் இருந்தன.

"போனு போனாப் போவுது சார். முந்தாநாளு அத்தப் பாக்கெட்டுல வச்சிக்கினு வூட்ட வுட்டுப் போன எங்க நைனாவுக்குத்தான் வழி தெரியாது."