புகைபோக்கி போட்ட சோறு

ஆலைப் புகைபோக்கிக்கு அன்று தலைகால் புரியவில்லை. ஆடி அமாவாசை நண்பகல். கீழே தெருவில் மாடிக்கு மாடி ஆட்கள் ஏறி நின்று, இலையில் சோற்றை வைத்துவிட்டு, “கா... கா...” என்று மேலே பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பாத்தியா, எல்லாரும் என்னையே அண்ணாந்து பாக்குறாங்க. இத்தனை வருஷமா இந்தத் தெருவுக்குச் சோறு போடுறவன் நானாச்சே!” என்றது, தன் விளிம்பில் வந்து உட்கார்ந்த காகத்திடம்.

காகம் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்திருந்தது. “எனக்கும் நீங்கதான் போடுறீங்க அண்ணே. நீங்க வந்த புதுசுல நாலு தெரு சுத்தினாத்தான் அரை வயிறு நிறையும். இப்ப இந்த ஒரு தெருவே போதும்.”

“அப்படிச் சொல்லு!”

“பச்சை மாடியில அந்தப் பொண்ணு செத்துப்போன அப்பாவுக்கு வைக்குது. பக்கத்து மாடியில தையல்காரர் மாசிலாமணிக்கு. ரெண்டு பேரும் பீடியைத் தொட்டதில்ல. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சாஞ்சாங்க.”

“நெஞ்சு வலிக்கு நான் என்னப்பா பண்ணுவேன்? என் புகை வானத்துக்கில்ல போகுது!”

காகம் அலகை விளிம்பில் துடைத்தது. அலகில் கரிதான் அப்பியது. “போகுது அண்ணே. போயிட்டு, சாயங்காலம் இந்தத் தெருவுக்கே இறங்கி வந்துடுது. இவங்க வருஷக்கணக்கா அதைத்தான் மூச்சா இழுக்குறாங்க.”

புகைபோக்கிக்கு அது காதில் ஏறவில்லை. ஊரே தன்னைக் கும்பிடுகிற பூரிப்பில், கன்னங்கரேலென்று இன்னொரு பெருமூச்சு விட்டது.

தை அமாவாசைக்குக் காகத்தை இன்னும் இரண்டு மாடிகளிலிருந்து கூப்பிட்டார்கள்.