வெயில் விழுந்த ஓடை

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் பேசில் ஓடையில் முக்கி நீட்டும் எனாமல் கரண்டிக்குள் தொழிலாளி இருதயம் குனிந்து பார்க்கிறான். கண்ணாடி போன்ற நீர்மேல் நொய்யரிசி மாதிரி ஏதோ மிதக்கிறது. கரண்டி அசைந்ததும் துள்ளி விலகுகிறது. "காய்ச்சல் கொசுவோட புழு," என்கிறார் பேசில். இருதயத்துக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "விளையாடாதீங்கய்யா. கொசு சாக்கடையிலதானே பொறக்கும்? இது குடிக்கிற தண்ணி." கிள்ளான் பக்கம் கடலோரச் சதுப்புக்காட்டை அழித்ததும் காய்ச்சல் ஒழிந்ததாகப் பாசார் சந்தையில் கேட்டுவந்து, மனைவி மகதலேனா உண்டானதும், இந்த மலைச்சரிவில் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னாலிருந்த இருண்ட ஓடைக்கரையை அவனே பாராங்கத்தியால் வெட்டிச் சுத்தமாக்கினான். மூங்கிலும் பெரணியும் போன இடத்தில், கூழாங்கற்கள்மேல் இப்போது வெயில் நெளிகிறது. பேசில் சற்று மேலே நடந்து, இன்னும் காடு மூடிய இடத்தில் கரண்டியை முக்கிக் கொண்டுவந்து காட்டுகிறார். அதில் ஓர் இலைத்துணுக்கு மட்டும் சுழல்கிறது. "இந்த மலைக்கொசுவுக்கு நெழல் ஆகாதுப்பா. வெயில் பட்ட சுத்தத் தண்ணிதான் வேணும்." இருதயத்தின் வாயில் சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது. லயத்துக்குள் பலகைக்கட்டில் கடகடவென்று ஆடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள், சரியாக இந்நேரத்துக்கு, மகதலேனாவுக்குக் குளிர் கண்டுவிடுகிறது. "ஏங்க, இன்னொரு கம்பளி போடுங்க!" "இதோ வரேன் புள்ள," என்கிறான். கால்கள் ஓடைக்குள் இறங்குகின்றன. தோள்துண்டை இரு கைகளாலும் விரித்து வெயிலை மறைக்கிறான். ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் இருள்கிறது. அதற்கு அப்பால், அவன் வெட்டிய கரை நெடுக, லயத்தின் கடைசி வீடுவரை ஓடை மின்னுகிறது.