ஒன்பதாம் நம்பர் ரத்தம்

"ஒன்பதாம் நம்பர் குழாயைத் தூக்கிக் குப்பையில போடு" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார் ஆய்வுக்கூடத் தலைவர். ரத்தம் எடுக்கும் பெண் அசையவில்லை. பிடித்த பிடியை விடமாட்டாள் என்பதால் அங்கே எல்லாரும் அவளை உடும்பு என்றுதான் சொல்வார்கள்.

"போட மாட்டேன் சார்."

"ஃப்ரிட்ஜுக்கு வெளியே மறந்து வெச்சிருப்ப. ரத்தம் கெட்டுப்போயிருக்கும். செஞ்ச தப்பை மறைக்க இவ்வளவு அடமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷத்தில் ஒரு குழாயைக்கூட அவள் வெளியே மறந்ததில்லை.

"மூணு தடவை மெஷின்ல ஓட்டிட்டேன். மூணு தடவையும் அதே கணக்குதான். இந்த ரத்தத்தைக் கொடுத்தவருக்கு இன்சுலின் சுரக்கிற செல்லெல்லாம் செத்துக்கிட்டிருக்கு சார்."

விஷயம் இதுதான். அந்தச் செல்கள் சாகும்போது அவற்றின் துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும். சர்க்கரை ஏறுவதற்கு வெகு முன்பே அந்தத் துணுக்குகளை எண்ணிச் சொல்லும் பரிசோதனையைத்தான் அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சர்க்கரை நோயில்லாத இருபது பேரின் ரத்தம் தேவைப்பட்டது. வெளியாட்கள் யாரும் வராததால், போன வாரம் அந்தக் கட்டடத்தில் வேலை பார்ப்பவர்களே வாசல் காவலாளியில் தொடங்கி ஆளுக்கொரு குழாய் கொடுத்தார்கள்.

குழாயில் நம்பர் மட்டும்தான் இருக்கும். எது யாருடையது என்று கொடுத்தவருக்கே தெரியாது, லேபிள் ஒட்டிய உடும்புக்கு மட்டும் தெரியும். வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

"இருபது பேருக்கும் சர்க்கரை நார்மல். இதோ பாரு" என்று காகிதத்தைத் தட்டினார் தலைவர்.

"சர்க்கரை ஏறினப்புறம் சொல்றதுக்கு இந்த டெஸ்ட் எதுக்கு சார்?"

அவர் முகம் கடுகடுவென்று ஆனது. நாளைக்கு அறிக்கை போகவேண்டும். நோயில்லாதவர் வரிசையில் ஒரு கணக்கு மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் மூன்று வருஷ உழைப்பை எவனும் நம்பமாட்டான். ஒரு படிவத்தை எடுத்து, 'ரத்தம் கெட்டுவிட்டது, நீக்கலாம்' என்று தானே எழுதி அவளிடம் பேனாவை நீட்டினார்.

"கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளையிலேருந்து வரவேண்டாம்."

"நான் போட்டுட்டா அவர் ஒண்ணும் தெரியாம நடமாடிக்கிட்டிருப்பார். ஒரு நாள் மயங்கி விழுந்தாத்தான் தெரியும். இப்பவே தெரிஞ்சா மிச்சமிருக்கிற செல்லையாவது காப்பாத்தப் பார்க்கலாம்."

படிவத்தை நாலாகக் கிழித்து மேஜைமேல் வைத்தாள். போனால் போகட்டும் இந்த வேலை என்று இருந்தது அவளுக்கு.

"எவனோ ஒருத்தனுக்காக என்கிட்டயே மல்லுக்கு நிக்கிற. என் உழைப்பைவிட அவன் பெரிசாப் போயிட்டானா?"

"ஆமா சார். பெரிசுதான்."

"சரி, அவனைக் கூட்டிட்டு வா. என் கண்ணு முன்னாடியே இன்னொரு தடவை ரத்தம் எடு. அதுலயும் இதே கணக்கு வந்தா ஒத்துக்கறேன்."

உடும்பு புதுக் கையுறை மாட்டிக்கொண்டாள். ஊசியின் உறையைப் பிரித்தாள். பஞ்சை நனைத்துக்கொண்டு, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சட்டைக் கையை மடிச்சு விடுங்க சார்."