அந்த அம்மா திரும்பி வந்தாளா?

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. சங்கரன்கோவிலில் ஒரு புதுப்படத்தின் காலைக் காட்சி முடிந்து திரையரங்கின் கதவுகள் திறக்கின்றன. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி வருகிறவர்களிடம் ஏஞ்சல் மைக்கை நீட்டுகிறாள். சென்னையில் பட விளம்பர நிறுவனமொன்றில் மூன்று மாதப் பயிற்சி முடித்து வந்தவள். சொந்த ஊர்க்காரர்களின் பேச்சை நன்றாகப் பதிவுசெய்து அனுப்பினால் அங்கேயே வேலை. இல்லையென்றால் அப்பாவின் பாத்திரக்கடை. மைக்கைக் கண்டதும் ஒவ்வொருவரும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, செய்தி வாசிப்பதுபோல், “படம் மிகவும் அருமையாக உள்ளது. அனைவரும் குடும்பத்துடன் காண வேண்டும்” என்கிறார்கள். “ஏட்டி, எல்லாவனும் மனப்பாடம் பண்ணிட்டா வாரானுவ?” என்று பைக்கில் சாய்ந்திருக்கும் அப்பா ஞானதுரை சிரிக்கிறார். கடைச்சாவி அவர் விரலில் சுழல்கிறது.

ஏஞ்சல் மைக்கைப் பையில் போடுகிறாள். செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் போகிறாள். “போன்ல எடுக்கட்டுமாக்கா? படத்துல பிள்ளைய விட்டுட்டு அந்த அம்மா பஸ் ஏறுனது சரியா?”

“எப்படிச் சரியாவும்? நானா இருந்தா பஸ்ஸையே மறிச்சிருப்பேன்.”

“டிரைவரு பாவம்லா,” என்கிறான் அவள் கணவன்.

“நீங்க சும்மா இருங்க. பாதிப் படம் தூங்குனிய.”

சுற்றிலும் சிரிப்பு எழுகிறது. போகிறவர்களும் நின்று வழக்காடுகிறார்கள். ஏஞ்சலின் போன் எல்லாவற்றையும் பதிவுசெய்கிறது. ஞானதுரையின் விரலில் சாவி நிற்கிறது. “பொறவு அவ திரும்பி வந்தாளா?”

“அத உள்ள போயி பாருங்க அண்ணாச்சி,” என்கிறாள் அந்தப் பெண்.

மதியக் காட்சிக்கு ஞானதுரை ஒரு டிக்கெட் எடுக்கிறார். ஜூலை முதல் தேதி ஏஞ்சல் சென்னையில் வேலைக்குச் சேர்கிறாள்.